கோணக்கை அளவு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். பொய். மூக்கு வரைக்கும் வரவே வராது, அதற்கு முன்னாலேயே வாய்க்கு வந்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். பிரேமை முகத்தில் வைத்துப் பார்த்து, காதுக்குப் பின்னால் கொக்கியை வளைத்து, மூக்கில் அழுத்தாமல் உட்கார வைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. சின்ன வயசு டீச்சர் ஒருத்தி வந்திருந்தாள். நான் அவள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருக்கும்போது, அவள் கையில் கிடந்த செம்புக் காப்பைக் கழற்றி மேஜை மேல் போட்டுவிட்டு, லென்ஸ் துடைக்கிற என் துணியை எடுத்து மணிக்கட்டைத் தேய்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு.

"பாருங்க மேடம், போட்டு ஒரு வாரம்கூட ஆகல, கையெல்லாம் பச்சை. எதையோ என் தலையில கட்டிட்டான். குப்பையிலதான் போடணும்."

நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

"குப்பையில போடவா ஒருத்தி உட்கார்ந்து இத்தனை அடி அடிச்சிருக்கா? செம்பு பச்சை விடாம பின்ன மஞ்சளாவா விடும்? வேர்வை பட்டா பச்சை விடத்தான் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவினா கையில இருக்கற பச்சை போயிடும், உயிரா போயிடப் போகுது? குளிக்கும்போது கழட்டுறீங்களா?"

"இல்லயே."

"பாத்திரம் தேய்க்கும்போது?"

"அதெல்லாம் யாரு மேடம் கழட்டுவா?"

"அப்ப அது என்ன பண்ணும் பாவம்! சாயங்காலம் கழட்டினா ஒரு பழைய பருத்தித் துணியால துடைச்சு வைங்க. ரொம்பக் கறுத்துப் போச்சுன்னா அரை எலுமிச்சம்பழத்துல உப்பைத் தொட்டு ஒரு தேய் தேய்ச்சு, உடனே கழுவி, உடனே துடைக்கணும். ஈரத்தோட வச்சா திட்டுத் திட்டா ஆயிடும். வெறும் செம்புக்குத்தான் அந்த வைத்தியம். தீயில காட்டி நீலமும் ஊதாவுமா நிறம் ஏத்தினதா இருந்தா எலுமிச்சம்பழம் கிட்டவே வரக்கூடாது, அத்தனையும் ஒரே நிமிஷத்துல போயிடும். அதைவிட முக்கியம், டப்பாவுல பூட்டி வைக்காதீங்க. போட்டுட்டே இருந்தாத்தான் அது அழகாகும்."

டீச்சர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைப் பையன்கள் இருவரும் எனக்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிறுத்தத் தெரிந்தால்தானே!

"எப்படி மாட்டுறீங்க? ரெண்டு பக்கமும் இழுத்து அகட்டித்தானே? அதான் கூடாது. அகட்டி அகட்டி மூடினா செம்பு இறுகிப்போய் ஒருநாள் படக்குன்னு நடுவுல ஒடியும். கையோட பக்கவாட்டுல, சதை கம்மியா இருக்கற இடத்துல காப்போட திறந்த வாயை வச்சு, இப்படி உருட்டி விடணும்."

காட்டுவதற்காக அதை என் இடது கையில் போட்டு உருட்டினேன். காப்பு அரைச் சுற்றுச் சுற்றி, ஓரிடத்தில் போய்த் தானாக உட்கார்ந்துகொண்டது. கையை ஆட்டினேன். அசையவில்லை.

என் வாய் நின்றது. கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தது அதற்காகத்தான் இருக்கும்.

என் இடது மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் மதில் மேலிருந்து விழுந்து முறிந்த கை அது. கட்டுப் போட்டவர் அன்றைக்கு என்ன அவசரத்தில் இருந்தாரோ, எலும்பு கோணலாகச் சேர்ந்து, வெளிப்பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு நின்றுவிட்டது. எந்த வளையலும் அந்த இடத்தில் இடிக்கும். எந்த வாட்சும் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட கையில் இந்தக் காப்பு அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. கழற்றி உள்பக்கம் விரலால் தடவினேன். அங்கே சின்னதாக ஒரு பள்ளம்.

"இதை எங்க வாங்கினீங்க?"

"மார்க்கெட் ரோட்டுல, பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல ஒரு கிஃப்ட் கடை இருக்கே, அங்கதான்."

என் வீட்டிலிருந்து ரெண்டு தெரு. தினமும் போக வர அந்தக் கடையைத் தாண்டித்தான் நடக்கிறேன்.

"இதை எனக்குக் குடுத்துடறீங்களா? குப்பையிலதானே போடறதா இருந்தீங்க?"

"இத்தனை சொன்னப்புறம் யாராவது போடுவாங்களா மேடம்?" என்று சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து வாங்கி, நான் சொன்ன மாதிரியே பக்கவாட்டில் வைத்து உருட்டி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். என் வாயால் நான் கெட்டது இது எத்தனையாவது தடவையோ.

அந்தக் காப்பை அடித்தது யார் என்று எனக்குத் தெரியும். என் ஓரகத்தி. என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. அக்கா அந்த வீட்டுக்கு முதலில் வந்தவள், நான் பின்னால் வந்தவள். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. விருந்துக்கு வருகிறவர்கள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் ஏமாந்து போவார்கள். எங்களுக்குச் சண்டை போட நேரம் எங்கே இருந்தது? மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மழை நாளில் துணி காயப்போடுகிற ஒரு அறை உண்டு. மத்தியானம் சமையலறையை ஒழித்துவிட்டால் நாங்கள் இருவரும் அங்கே ஏறிவிடுவோம்.

அக்காவின் அப்பா மின்விசிறிக்கும் மிக்சிக்கும் காயில் கட்டுகிறவர். செம்புக் கம்பிச் சுருளுக்கு நடுவில் வளர்ந்தவள் அவள். சின்ன வயதில் கம்பியில் மோதிரம் முறுக்கினாள், கல்யாணத்துக்குப் பிறகு சுத்தியலை எடுத்தாள். பழைய உலோகக் கடையில் பட்டையாகச் செம்பு வாங்கி வருவாள். அதை ஒரு மரக்கட்டை மேல் வைத்து அடிக்க ஆரம்பித்தால், வியர்வை காதோரம் வழிவதுகூடத் தெரியாது. அடிக்க அடிக்கச் செம்பு இறுகிவிடும். சத்தமே மாறும். முதலில் மொத் மொத்தென்று கேட்கும், இறுகியதும் டிங்கென்று எதிர்த்துப் பேசும். "உன்ன மாதிரியே ஆயிடுச்சு பாரு, சூடு வச்சாத்தான் அடங்கும்" என்பாள் அக்கா. ஜன்னலில் ஒரு பழைய போர்வையை மாட்டி அறையை இருட்டாக்குவேன். வெளிச்சத்தில் செம்பு சிவப்பது கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது உருகப் போகிறது என்று அர்த்தம். கேஸ் தீயில் மங்கலாகச் சிவந்ததும் இடுக்கியால் தூக்கித் தண்ணீரில் போடுவாள். சுர்ரென்று ஒரு சத்தம், பிறகு செம்பு மறுபடியும் கைக்கு வளைகிற அளவுக்குப் பதமாகிவிடும். கரிக்கறுப்பாக வெளியே வருவதை எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்ப்பது நான். தேய்க்கும்போது அடியிலிருந்து ஒரு ரோஜா நிறம் எட்டிப் பார்க்கும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்குச் சலித்ததில்லை. தங்கத்தைப் பூட்டி வைக்கத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செம்பு அப்படியில்லை, கூடவே இருந்து நிறம் மாறும். ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு காப்பு, அக்கா கையில் ஒரே மாதத்தில் கருஞ்சிவப்பாகிவிடும், என் கையில் பளபளவென்றே இருக்கும். "உன் கோபத்தோட சூட்டுல அது தினமும் புதுசாகுது" என்பாள்.

காப்பை வளைக்க முதலில் பாட்டிலை வைத்துப் பார்த்தாள். பாட்டில் வட்டம், கை அப்படியா இருக்கிறது? காப்பு மணிக்கட்டில் லொடலொடவென்று சுற்றியது. "நீட்டுடி கையை" என்றாள் ஒருநாள். பதமான பட்டையை என் இடது மணிக்கட்டில் சுற்றி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி அழுத்தி வளைத்தாள். பிரமாதமாக வந்தது. அன்றிலிருந்து எங்கள் காப்பு அத்தனையும் என் கையில்தான் பிறந்தன. செய்ததோடு முடியாது. ஒவ்வொரு புதுக் காப்பையும் நான் ஒரு நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். பெருக்கும்போது, துணி மடிக்கும்போது, தலை வாரும்போது எல்லாம் கையில் கிடக்கும். எங்கேயாவது நூல் மாட்டுகிறதா, முடியை இழுக்கிறதா, தோலைக் கிள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் அக்கா கேட்கிற முதல் கேள்வி, "எங்கடி கடிக்குது?" என்பதுதான். நான் இடத்தைக் காட்டுவேன், அரத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். ஒன்றும் கடிக்கவில்லை என்று நான் சொன்ன பிறகுதான் அது விற்பனைக்குப் போகும். புகுந்த வீட்டில் என் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று தினமும் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

தபாலாபீஸில் வேலை பார்க்கிற ஒரு அம்மாள் ஒருநாள் கேட்டாள். "உங்க காப்பு எல்லாத்துலயும் உள்பக்கம் ஒரு பள்ளம் இருக்கே. என் தங்கச்சி வாங்கினதுலயும் இருக்கு, எங்க மேனேஜர் வாங்கினதுலயும் இருக்கு. அது என்ன, டிசைனா?"

அக்கா காப்பை வாங்கிப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கண்ணிமைக்காமல், "ஆமா, அது எங்க டிசைன்" என்றாள்.

அந்த அம்மாள் போகிறவரை இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். போனதும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம் பாருங்கள், வயிறு பிடித்துக்கொண்டது. ஊரில் பாதிப் பெண்கள் என் முறிந்த எலும்பைக் கையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்! "கோணக்கை, கோணக்கை" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அதுவே என் பெயராகிவிட்டது. பிறகு அக்கா ஒரு தச்சரிடம் சொல்லி, கை மாதிரி நீள்வட்டமாக ஒரு கட்டை செதுக்கி வாங்கினாள். அதற்குப் பிறகு வந்த காப்பு எதிலும் பள்ளம் இல்லை. நான் போட்டுப் பார்த்து, "எலும்புல இடிக்குது" என்றால், "அது உன் கோளாறு, காப்போட கோளாறு இல்ல" என்பாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

அப்புறம் அண்ணன் தம்பிச் சண்டை வந்தது. எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். தண்ணீர் மோட்டாரை யார் அணைக்க மறந்தது என்பதற்கு. சுவர் ஊறியதில் ஆரம்பித்து, யார் யாரை வளர்த்தார்கள், யார் யாரை மதிக்கவில்லை என்பது வரைக்கும் போய், வீட்டை விற்றுத்தான் ஓய்ந்தார்கள். "அந்த வீட்டு வாசப்படியில உன் கால் பட்டுச்சுன்னா இந்த வீட்டுக்கு வராதே" என்றார் என் கணவர். நான் அதற்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை. பிறகு ஏன் போகவில்லை என்றால், எனக்கே அக்கா மேல் கோபம். சாமான் ஏற்ற வண்டி வந்து நின்ற அன்றைக்கு, சுத்தியலையும் அரத்தையும் கட்டையையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். நான் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள், போய்விட்டாள். அவ்வளவுதானா நான் என்று வயிறு எரிந்தது. பத்து வருஷத்துக்கு மேல் எரிந்துகொண்டே இருந்தது. செம்பு என்று எழுதியிருந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவளுக்கு நான் ஒரு மணிக்கட்டு மட்டும்தான், கட்டை வந்ததும் அதுவும் தேவைப்படவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் போன பிறகு, ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்து யோசித்தேன். கட்டை அக்காவிடம்தான் இருக்கிறது. கட்டையில் வளைத்தால் பள்ளம் வராது. அப்படியானால் வளைத்து முடித்த பிறகு, சின்ன உளியின் மொட்டை முனையை உள்ளே வைத்து, தனியாகத் தட்டினால்தான் அந்தப் பள்ளம் விழும். கை தவறி விழுகிற பள்ளம் இல்லை அது. அதுவும் சரியாக அந்த இடத்தில், அந்த ஆழத்தில். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பக்கம் ஆத்திரமும் வந்தது. இத்தனை நினைப்பிருக்கிறவள் ஒரு போன் பண்ணினால் என்னவாம்?

அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதலில் கிஃப்ட் கடை. ஜன்னலில், ரோட்டில் நடக்கிறவர்கள் கண்ணுக்கு நேராக, வரிசையாகச் செம்புக் காப்புகள். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பள்ளம்.

"யார் செய்யறாங்க இதை?"

"செய்யறவங்களை நான் பார்த்ததில்லம்மா. ஒரு பெரியவர் கொண்டுவந்து குடுப்பார். விலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனா இந்த ஜன்னல்லதான் வைக்கணும், ரோட்டைப் பார்த்த மாதிரிதான் வைக்கணும்னு கறாரா சொல்லிடுவார். வேற கடைக்கும் குடுங்களேன், நல்லாப் போகுமேன்னேன். இங்க மட்டும்தான்னுட்டார்."

"எவ்வளவு நாளா?"

"நான் இந்தக் கடையை எடுத்ததுலேர்ந்தே வருது. முன்னாடி இருந்தவர்கிட்டயும் குடுத்துட்டிருந்ததாத்தான் சொன்னார்."

நான் அந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தினமும் இரண்டு தடவை இதைத் தாண்டியிருக்கிறேன், கழுத்தைத் திருப்பிக்கொண்டு.

அவர்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பழைய மில் குடியிருப்பில் இருப்பதாக ஒரு சொந்தக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். எந்த வீடு என்று தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரே மாதிரியான ஓட்டு வீடுகளுக்கு நடுவில், யாரைக் கேட்பது என்று முழித்துக்கொண்டு நின்றேன். அப்போது கேட்டது. டிங். டிங். டிங். செம்பு இறுகிவிட்டது, இன்னும் இரண்டு அடி அடித்தால் விரிசல் விட்டுவிடும். எனக்கே கை பரபரத்தது. சத்தம் வந்த திசையில் நடந்தேன், இல்லை, ஓடினேன். திறந்திருந்த கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா தரையில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கண்ணாடியை மூக்கு நுனியில் கோணலாகப் போட்டிருந்தாள்.

"போதும், சூடு காட்டுங்க! உடையப் போகுது!"

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் போச்சு.

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா மகாராணிக்கு?" என்றாள்.

"உங்களுக்கு மட்டும் தெரியலயாக்கும்? ஒரு போன் பண்ணினா கை தேஞ்சா போயிடும்?"

"பண்ணேன். ரெண்டு தடவை. உன் வீட்டுக்காரர் எடுத்தார். நான் ஹலோன்னதும் வச்சுட்டார். அப்புறம் நான் பண்ணி, அதனால உங்களுக்குள்ள சண்டை வந்தா? அதான் விட்டுட்டேன்."

இது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கேட்கிற விதத்தில் கேட்டுக்கொள்கிறேன் என்று மனசில் வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு ஏன் திரும்பிக்கூடப் பார்க்கல?" என்றேன். கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, சின்னக் குழந்தை மாதிரி இருந்தது.

"பார்த்திருந்தா வண்டியில ஏறியிருக்க மாட்டேன்டி. தெருவுல உட்கார்ந்து ஒப்பாரி வச்சிருப்பேன். அண்ணன் தம்பிக்கு அது ஒரு சண்டையாயிருக்கும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பேசத்தான் முடியல. உன் கைக்காவது வந்து சேரட்டும்னு உள்ள ஒரு தட்டுத் தட்டி, நீ தினமும் போற வழின்னு கேள்விப்பட்டு, உன் கண்ணு படற ஜன்னல்ல வைக்கச் சொன்னேன். நீ ஒருநாள் எடுத்துப் போட்டுப் பார்ப்பே, பார்த்தா உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீ இத்தனை வருஷம் ஆக்குவேன்னு நினைக்கலடி. அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டியா?"

"கோபத்துல பார்க்கல."

"அதானே! உன் கோபத்தைக் கணக்குல எடுத்துக்க மறந்துட்டேன்" என்றாள். அப்புறம் இருவரும் அழுதோம். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதோம். நடுவில் நான் அவள் கண்ணாடியைப் பிடுங்கிக் கொக்கியை வளைத்துச் சரிசெய்து மாட்டிவிட்டேன். பார்க்கவே சகிக்கவில்லை எனக்கு.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. என் கணவரின் அண்ணன். நான் மாமா என்று கூப்பிடுவேன். வாட்டசாட்டமாக இருந்தவர், இப்போது சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் எழுந்து நின்றேன். சத்தம் போடப் போகிறார், போடட்டும், இன்றைக்கு நானும் விடப்போவதில்லை என்று தயாராக இருந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. "அவன் இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கறானே, முட்டியா?" என்றார்.

அவன் என்றது என் கணவரைத்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். அக்காவைப் பார்க்காமல் பேசினார். "கிஃப்ட் கடைக்குக் காப்பு குடுக்கப் போவேனே, குடுத்துட்டு எதிர்ல பஸ் ஸ்டாப்புல உட்காருவேன். அவன் ஆபீஸ் விட்டு அந்த வழியாத்தானே வர்றான். ரெண்டு மாசமா நடை சரியில்ல. கடைப் படியேறும்போது கம்பியைப் பிடிச்சுக்கறான்."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அக்கா. "காப்பு குடுத்துட்டு வர ஒரு சாயங்காலம் முழுக்க ஆகுது, கேட்டா பஸ் கிடைக்கல, பஸ் கிடைக்கலம்பார்!"

ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு அந்த முட்டி வலி போன வாரம்தான் தெரியும். அதுவும் தைலம் எங்கே என்று என் கணவரே கேட்டதால்.

"இத்தனை நாளா பார்த்துட்டு இருந்தீங்க. ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே மாமா?"

"கூப்பிட்டு, அவன் காதுல விழுந்தும் திரும்பாம போயிட்டா? அதுக்கப்புறம் நான் எந்த பஸ் ஸ்டாப்புல போய் உட்கார்றது?"

அவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தவர் இப்படி ஒரு பயத்தோடு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்ததை நினைத்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்று கேட்காதீர்கள், எல்லார் மேலும்தான். போனை எடுத்து என் கணவருக்குப் போட்டேன்.

"எங்க இருக்கே? கடைக்குப் போன் பண்ணேன், அரைநாள் லீவுன்னாங்க" என்றார்.

"அக்கா வீட்டுல இருக்கேன். வாசப்படியில கால் பட்டாச்சு. இந்தாங்க, பேசுங்க."

ஸ்பீக்கரைப் போட்டு மாமா கையில் திணித்தேன். அவர் அதைச் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்தார். அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாரோ என்று அக்கா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"டேய்" என்றார் மாமா. தொண்டையைச் செருமிக்கொண்டார். "டேய், முட்டியை டாக்டர்கிட்ட காட்டினியா?"

என் கணவர் பேசினார், நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில்.

"இன்னும் இல்லண்ணே. ஆபரேஷன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துது. நீயும் வர்றதா இருந்தா போறேன்."

"மணி ஆறாகப் போகுது, இந்நேரம் டாக்டர்கிட்ட ஒரே கூட்டமா இருக்கும், நாளைக்குப் போங்களேன்" என்றாள் அக்கா. மாமா காதில் அது விழவில்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கக்கூட மறந்து, வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.